பாட்டில்லாத படத்தில் ஓர் ஊஞ்சல்

எங்கள் ஊரில் சாமிக்கு அடுத்தபடியாக மரியாதை கிடைத்தது சினிமாப் பாட்டுக்குத்தான். சில மாதங்களில் இந்த வரிசை மாறியும் இருந்தது. சாயங்கால பூஜை மணி ஓய்ந்ததும் சினிமாக் கொட்டகையின் கூரையிலிருந்து ஒலிபெருக்கி பாட ஆரம்பிக்கும். தேரடித் தெருவில் போகிறவர்கள் மணிக்கு எப்படி நடையை எட்டிப் போட்டார்களோ, பாட்டுக்கும் அப்படியே போட்டார்கள்.

என் நைனா அந்தக் கொட்டகை வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பவர். வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி.யும் தேறினேன். இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் தேறியவர் இல்லை.

தேறியதும், வேலூரில் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்றேன். கீழ்பென்னாத்தூர் அத்தை தன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நைனா எந்தப் பக்கமும் சாயவில்லை. "மொதலாளி என்னா சொல்றாரோ, அதான்" என்றார். கொட்டகை முதலாளி சொன்னால் நைனா அண்ணாமலையை இடப்பக்கமாகக்கூடச் சுற்றி வருவார். முதலாளி "பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் தெலுங்குப் பட டைரக்டர் ஒருவர் ஊருக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது.

அவருடைய மூன்று படங்கள் தமிழில் குரல் மாற்றி எங்கள் கொட்டகைக்கு வந்திருந்தன. வாய் ஒரு பக்கம் போகும், வசனம் ஒரு பக்கம் போகும். ஆனால் பாட்டுகள்! மணிலாக் கடலைக் கொல்லையில் களையெடுக்கிற பெண்கள்வரை பாடினார்கள். மூன்றுக்கும் இசை ஒரே ஆள். ஊரில் எல்லோரும் அவற்றை அந்தப் பாட்டுக்காரர் படம் என்றே சொன்னார்கள். டைரக்டர் பெயரும் சுவரொட்டியில் இருந்தது. கீழே, ஆடு தின்கிற உயரத்தில்.

ஒவ்வொரு படமும் வெளிவருவதற்கு முன்னால் அவர் ரீல் பெட்டியை அண்ணாமலையார் சன்னதியில் வைத்து விபூதி போட்டு வாங்கிப் போவார். பிறகு அதே பெட்டியோடு மலையைச் சுற்றுவார், காரில். பெட்டி உதவியாளர் மடியில் இருக்கும். அந்தப் புண்ணியம் டைரக்டருக்கா, உதவியாளருக்கா, டிரைவருக்கா என்று குருக்கள்மாரிடையே கருத்து வேற்றுமை இருந்தது.

மூன்றாவது படத்துக்குப் பிறகு டைரக்டருக்கும் பாட்டுக்காரருக்கும் முறிந்துவிட்டது. நாலாவது படத்தை டைரக்டர் பாட்டே இல்லாமல் எடுத்தார். எங்கள் ஆபரேட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ரீல் ஏதோ குறைகிறது என்று சென்னைக்குத் தந்தி கொடுக்கப் போனார்.

இந்தப் படத்தின் முதல் நாள் சாயங்கால ஆட்டத்தை டைரக்டர் எங்கள் கொட்டகையில் உட்கார்ந்து பார்ப்பார், இடைவேளையில் பேசுவார் என்று ஏற்பாடு. ஊரில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும், முதலாளிக்கே தெரியும். ஆனாலும் பக்கத்தில் ஒருவர் நின்று மொழிபெயர்த்தால்தான் பேச்சுக்கு எடை என்று அவர் நினைத்தார். படித்த ஆளாகத் தேடி என்னிடம் வந்தார்.

"ஒயுங்கா சொல்லி முடி. உங்க நைனாகிட்ட வேலூருக்கு நான் சொல்றேன்" என்றார். நைனா அங்கேயே கைகட்டி நின்று தலையாட்டினார்.

எங்கள் கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. நன்றாக ஓடிய படம் ஊரைவிட்டுப் போகும்போது அதிலிருந்து ஒரு பாட்டு மட்டும் இங்கேயே தங்கிவிடும். ஆபரேட்டர் கத்தரித்து டப்பாவில் வைத்துக்கொள்வார். பின்னால் வருகிற படம் எங்கே தொய்கிறதோ, அங்கே அதை ஒட்டுவார். ஒரு புராணப் படத்தில் முனிவர் தவம் செய்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பெண் சைக்கிளில் பாடிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். ஜனங்கள் ஒன்றும் கேட்கவில்லை. முனிவரும் கண்ணைத் திறக்கவில்லை.

டைரக்டர் வந்த அன்று மத்தியானம் முதலாளி ஆபரேட்டரிடம் சொன்னார்: "பாட்டு இல்லன்னா ஜனம் பீடி பிடிக்க எயுந்து போயிடும். அவர் குந்தியிருக்கும்போது அப்படிப் போனா அவருக்குத்தானே அவமானம்? அவரோட பழைய படத்து ஊஞ்சல் பாட்ட ஒட்டிடு. பாவம், சந்தோசப்படுவாரு."

"அது அவருக்குக் கோபம் வரும்ங்க" என்றேன்.

"நீ தமிழ்ல சொல்ற வேலைய மட்டும் பாரு."

டைரக்டர் மாலையோடு சோபாவில் உட்கார்ந்தார். படம் ஆரம்பித்தது. கணவனை இழந்த ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மழை. மழைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அடுத்த நொடி அதே நடிகை பூ சுற்றிய ஊஞ்சலில் ஆடுகிறாள், தள்ளிவிடுகிறவன் இந்தப் படத்திலேயே இல்லாத ஒருவன். கொட்டகை விசிலில் அதிர்ந்தது.

எனக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "யாருடி இவன்?" என்றாள்.

"கனவுடி. புருசன் போன துக்கத்துல கனவு காணுது."

"கனவுல வேற ஆளு வரானே?"

"கனவுக்கு என்னா, யாரு வேணா வருவாங்க."

தரை டிக்கெட்டிலிருந்து "ஒன்ஸ்மோர்!" என்று கூச்சல் எழுந்தது. ஆபரேட்டர் வழக்கம்போல ரீலைச் சுற்றி மறுபடி போட்டார். அப்புறம் மழை. டைரக்டர் மாலையிலிருந்து ஒவ்வொரு இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் மேடையேறினோம். அவர் பேசினார். "மூன்று படம் எடுத்தேன். எந்த ஊருக்குப் போனாலும் சங்கீதம் பிரமாதம் என்றார்கள். யார் எடுத்த படம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் பாட்டில்லாமல் ஒன்று எடுத்தேன். அந்த மழைக்காக மாதக்கணக்கில் தூங்காமல் உழைத்தேன். நீங்கள் அதில் ஊஞ்சல் கட்டிவிட்டீர்கள். என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் செருப்பால் அடித்ததில்லை."

தெலுங்கு தெரிந்த பாதி முதலாளியைப் பார்த்தது. தெரியாத பாதி என் வாயைப் பார்த்தது. முதலாளி என் பின்னால் வந்து, "சந்தோசமா இருக்காருன்னு சொல்லு. வேலூர நெனச்சுக்கோ" என்று முணுமுணுத்தார்.

வேலூரை நினைத்தேன். படித்தவள் என்று மேடையேறி, பாதிச் சபைக்குத் தெரிந்த பாஷையைத் தப்பாகச் சொன்னால் நாளைக்குத் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்பதையும் நினைத்தேன். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன், செருப்பு உட்பட. வாசலில் நைனா கதவைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு தரை டிக்கெட்டில் ஒருவர் எழுந்து, "அதெல்லாம் சரி சார், அந்த ஊஞ்சல இன்னொரு தபா போடச் சொல்லுங்க" என்றார்.

என்ன சொல்கிறார் என்று டைரக்டர் என்னைக் கேட்டார். சொன்னேன்.

"அது யார் பாட்டு என்று அவர்களைக் கேள்."

கேட்டேன். கொட்டகை முழுக்க ஒரே குரலில் பாட்டுக்காரரின் பெயரைச் சொன்னது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. டைரக்டர் மாலையைக் கழற்றி மைக்குக்குப் போட்டுவிட்டுக் காரில் ஏறினார். அடுத்து அவர் எடுத்த படத்தில் பெயர் போடுவதிலிருந்து வணக்கம் வரை பாட்டுதான். இசை அதே பழைய ஆள். அது எங்கள் ஊரில் கூட்டம் குறையாமல் ஓடியது. மழைப் படம் வாரக் கடைசியைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் முதலாளி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "உம் பொண்ணுக்கு வாயில பூட்டு இல்லையா? ஊருக்கு வர்ற பெரிய மனுசங்க சொல்றதையெல்லாம் அப்படியே சொல்லிக்கினு இருந்தா நான் கொட்டாய இயுத்து மூட வேண்டிதான். இத இங்க வெச்சிக்காத. அத்தை மவனுக்குக் குடுத்தா கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வாரா வாரம் வந்து நிக்கும். எங்கியோ வேலூருன்னுச்சே, அங்க அனுப்பித் தொலை!"

"ஆவட்டுங்க" என்றார் நைனா.

சாயங்காலம் அத்தை வந்தாள். நைனா அவளிடம் நிதானமாகச் சொன்னார்: "மொதலாளி ஊடு தேடி வந்து சொல்லிட்டாரும்மா. இந்த மாதிரிப் பொண்ண இந்த ஊர்ல வெச்சிருக்கறது சரியில்லியாம். வேலூருக்குப் போய்ப் படிச்சே ஆவணுமாம்."

அத்தை என்னைப் பார்த்தாள். "நெசமாடி?"

"ஆமாம், அத்தை. அப்படித்தான் சொன்னார்" என்றேன்.