விளிம்பில் ஒரு பெயர்

‘அண்ணே, அதுக்கு பாலிஷ் மட்டும் போட்டுறாதீங்க. நம்பர் தேஞ்சிரும்.’

வியாழக்கிழமை காலை 7.12க்கு என் வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இது. அனுப்பியவர் கிள்ளானில் இருக்கும் சாந்தி. அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் மாடியில் நாங்கள் ஒன்பது பேர் கூடுவோம். நாணயம், பதக்கம் சேர்ப்பவர்கள். அந்த மாதம் புதிதாகக் கிடைத்ததை ஆளுக்கொன்று மேசைத் துணியில் வைக்க வேண்டும், கைமாற்றிப் பார்ப்போம். எழுதப்படாத விதி ஒன்றும் உண்டு... எங்கே வாங்கினாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சொன்னால் அடுத்த வாரம் நீங்கள் அங்கே போய் நிற்பீர்களே!

போன ஞாயிறு நான் வைத்தது ஒரு வெள்ளிப் பதக்கம். கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு சண்டை நடந்த மலாயா அவசரகாலத்தில் எஸ்டேட்டுகளைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவருக்குக் கொடுத்தது. இந்த வகைப் பதக்கத்தின் அழகே விளிம்புதான் – பெற்றவரின் எண்ணும் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடையதில் ஓர் எண், பிறகு ‘முனியாண்டி’. தமிழ்ப் பெயரோடு ஒன்று கிடைக்காதா என்று எத்தனை வருடம் அலைந்திருப்பேன்?

சாந்தி எங்களோடு சேர்ந்து ஐந்து மாதம்தான். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சாதாரண ஐம்பது சென் காசை வைப்பார். செராஸிலிருந்து வரும் குணா அவரைச் சீண்டாத மாதமில்லை – "அக்கா, வர்ற வழியில கடையில மாத்திட்டு வந்தீங்களா?" அவர் சிரித்துக்கொண்டே மற்றவர்களின் பதக்கங்களை எடுத்துப் பார்ப்பார். முகப்பை அல்ல. விளிம்பை. நான் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

அன்று என் பதக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், கீழே வைக்காமலே கேட்டார்.

"அண்ணே, இத எங்க வாங்குனீங்க?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுலா அக்கா" என்றார் குணா.

"இது எங்கப்பா பேரு, தம்பி."

குணா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

பிறகு சாந்தி சொன்னார். அப்பா இறந்ததும் அண்ணன் அவர் வீட்டைக் காலி செய்து, அலமாரி மேலிருந்த டின்னையும் பழைய சாமான் லோரியில் ஏற்றிவிட்டாராம். பதக்கம் அதற்குள் இருந்திருக்கிறது. சாந்தி நாணயம் சேர்ப்பவரே இல்லை. அதைத் தேடித்தான் எங்களிடம் வந்திருக்கிறார்.

முனியாண்டி என்ற பெயர் அன்று எந்த எஸ்டேட்டில் இல்லை? ஆகவே எண்தான் பேச வேண்டும். அப்பாவின் பணிச் சான்றில் எண் இருக்கிறது. அந்தத் தாள் அண்ணனிடம். டின் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இருந்தாலும் இந்த ஞாயிறு போய்க் கேட்கப்போகிறாராம்.

எதையும் தேதியோடு குறித்து வைப்பவன் நான் – இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரியும். என் பதிவேட்டில் அந்தப் பதக்கத்தின் எடை இருக்கிறது, விட்டம் இருக்கிறது, வாங்கிய நாள் இருக்கிறது. ‘யாரிடமிருந்து’ என்ற கட்டம் மட்டும் காலி. கேட்காத பழக்கம், எழுதாத பழக்கமாகவும் ஆகிவிட்டது. பாசார் காராட் சந்தையில், பழைய சாமான்களுக்கு நடுவே, தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஓர் ஆள் – அவ்வளவுதான் நினைவு. இந்த வாரம் இரண்டு முறை போய்த் தேடினேன். அந்த இடத்தில் வேறு யாரோ சட்டை விற்றுக்கொண்டிருந்தார்.

"நம்பர் ஒத்துப்போச்சுன்னா என்னண்ணே செய்வீங்க?" அன்று படியிறங்கும்போது சாந்தி கேட்டார்.

கொடுத்துவிடுவேன் என்றேன். யோசிக்காமல் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பதக்கத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்த அலமாரியை நான் இதற்கு முன் பூட்டியதே இல்லை.

சேர்ப்பவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம் கைக்கு வந்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையை விட்டுப் போனதுதானே... இது உறைக்க எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

இதை எழுதும் சனிக்கிழமை மாலை வரை எண் சரிபார்க்கப்படவில்லை. அது பொருந்தக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருப்பது மட்டும் உறுதி.