கரோல் குறைத்த கிளாரிட்டி

தியாகராய நகரில் சண்முகசுந்தரம் அண்ணாச்சியின் துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு விளையாட்டுக் கூடம் இருக்கிறது. வி.ஆர். கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறலாம், அம்பு விடலாம். அங்குள்ள கணினிகள் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் பி.இ. வருகிறவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிடும் கரோல் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவள். சாந்தோமிலிருந்து வருவாள்.

காலையில் கிராஃபிக்ஸ் அளவுகள் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துவிட்டுக் கீழே பில் போடும் கணினிகளைப் பார்க்கப் போவேன். மதியம் ஏறி வந்தால் கிளாரிட்டி குறைந்திருக்கும். ஷார்ப்னஸ் மட்டும் ஒரு புள்ளி கூடியிருக்கும்.

"நீ தொட்டியா?"

"தொட்டேன். இன்னா இப்போ?"

அந்த வாரம் இரண்டு பேர் விளையாடும்போதே வாந்தி எடுத்தார்கள். "இன்னொருத்தர் எடுத்தா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுக்குத்தான்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். எனக்கு விளங்கிவிட்டது. என்னைக் கிளப்பத்தான் இவள் என் வேலையைக் கெடுக்கிறாள். வாடிக்கையாளர் காதருகே குனிந்து ஏதோ கேட்பாள். உடனே ஒரு நோட்டில் எழுதுவாள். நான் நெருங்கினால் நோட்டு மூடிக்கொள்ளும். இதற்கு முன் மயிலாப்பூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆறு வருடம் இருந்தாளாம். ஏன் விட்டாள்? அதையும் சந்தேகப்பட்டேன்.

அளவுகளைத் தொட்டுக் கெடுப்பது அவள்தான் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை, அளவுகளை உச்சத்தில் வைத்து பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஓர் அம்மாள் மலை ஏறினார். மூன்றாவது நிமிடம் தலையைத் திருப்பினார், சுவரைப் பிடித்தார், பட்டுப்புடவைப் பை மேலேயே வாந்தி எடுத்துவிட்டார்.

அண்ணாச்சி மூச்சிரைக்க மேலே வந்தார். "நீதான் தொடுதியாமே? பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு தாயி."

கரோல் அழவில்லை. திரையின் மூலையைக் காட்டினாள். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் எண் அது. தொண்ணூறில் நிற்க வேண்டியது ஐம்பத்திரண்டில் கிடந்தது.

"தலை திரும்புனப்பறம்தான் படம் திரும்புது அண்ணாச்சி. அதான் கொமட்டுது. கிளாரிட்டி கொஞ்சம் கம்மி பண்ணா மெஷின் தெணறாம ஓடும். ஷார்ப்னஸ் ஒரு புள்ளி ஏத்துனா, கம்மியானதே கண்ணுக்குத் தெரியாது. ரொம்ப ஏத்துனா ஓரமெல்லாம் மினுமினுங்கும். இன்னிக்கு தொடவே முடியல, பூட்டிக் கீது."

நோட்டைப் பிரித்து மேசையில் போட்டாள். ஒவ்வொருவரிடமும் இரண்டு அளவு காட்டி, 'இது நல்லா கீதா, முன்ன காட்டுனது நல்லா இருந்துச்சா?' என்று கேட்டு எழுதியிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கேட்பார்களே, அப்படி. மணியும் குறித்திருந்தாள். முதல் இரண்டு வாந்தியும் அவள் மாற்றுவதற்கு முன்பு, என் அளவுகளில் நடந்தவை.

"எனக்கு இந்த நம்பர் எழவெல்லாம் புரியாது" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன். சொல்லுல, யாரு தப்பு?"

அந்தக் கூடத்தில் அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்தவன் அவளைத் தவிர நான் ஒருவன்தான். நான் எது சொன்னாலும் எடுபடும்.

"நான்தான் அண்ணாச்சி. பூட்டினதும் நான்தான்."

அண்ணாச்சி நோட்டை எடுத்துக் கரோலிடம் நீட்டினார். "ஒத்துக்கிட்டே, பொழச்சே. இனி மேல்மாடி அவ பொறுப்பு. நீ கீழ பில் மெஷினை மட்டும் பாரு."

"பாஸ்வேர்டு சொல்லு, இன்ஜினியர் சார்" என்றாள் கரோல்.

சொன்னேன். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, திரையை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டு, பாஸ்வேர்டை மாற்றினாள்.