ஆறாவது பண்பு

இதை என் கணவரிடம் சொன்னபோது, "சாப்பிடாம கொள்ளாம வேலை பார்த்தா இப்படித்தான்" என்றார். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். தூங்கியும் இருந்தேன். பட்டப்பகல். பக்கத்தில் இன்னொரு ஆளும் இருந்தார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

லிஃப்ட்டுகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. மூன்று நாள் விடுமுறையின் கடைசி நாள் அது. புதிதாகக் கட்டிய ஆறு மாடிக் கட்டடம், இன்னும் யாரும் குடிவரவில்லை. மறுநாள் திறப்பதாக இருந்ததால் லிஃப்ட்டைச் சோதிக்க எங்கள் இருவரை மட்டும் அனுப்பியிருந்தார்கள். நானும், லிஃப்ட் மெக்கானிக்கும். வெளி கேட்டில் ஒரு வாட்ச்மேன். உள்ளே பெயிண்ட் நெடி மூக்கைத் துளைத்தது.

மெக்கானிக் என்னைவிட ரொம்ப மூத்தவர். எப்போதும் கேலிதான். "லிஃப்ட்டோட பேசுறதுக்குன்னே படிச்சுட்டு வந்த பொண்ணு நீ. அதுக்கு என்ன குறைன்னு கேட்டுச் சொல்லு" என்பார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. நாங்கள் எழுதும் மொழியில் லிஃப்ட் என்பது ஒரு பொருள். அதற்கு நாங்களே சில பண்புகள் கொடுத்திருப்போம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனிடம், 'உன்னிடம் என்னென்ன இருக்கிறது?' என்று கேட்கலாம். எதையும் ஒளிக்காமல் வரிசையாகச் சொல்லிவிடும். நாங்கள் கொடுக்காத எதையும் சொல்லாது... சொல்ல முடியாது.

லிஃப்ட்டின் கூண்டு முதல் மாடியில் நின்றது. நான் தரைத்தளத்தில், கட்டுப்பாட்டுப் பெட்டி பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். கேட்டேன். ஐந்து பண்புகள் வந்தன. மாடி, கதவு, திசை, வேகம், எடை. எல்லாம் சரி. எடை மட்டும் இடித்தது.

"அண்ணே, கூண்டு காலிதானே?"

"காலிதான். பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"அம்பத்திநாலு கிலோ காட்டுது."

"புதுசு இல்லையா, உளறும். அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றபடி, மோட்டாரை அணைத்துவிட்டு, கூண்டுக்குக் கீழே இருந்த பள்ளத்தில் இறங்கினார்.

மணி இரண்டு ஐம்பது. மறுபடி கேட்டேன்.

ஆறு வந்தது.

ஆறாவதன் பெயர், 'moochu'. ஆங்கில எழுத்தில் தமிழ். மூச்சு. அதன் மதிப்பு 16.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இந்த நிரலை என்னோடு சேர்ந்து எழுதியவனுக்கு போன் போட்டேன். பின்னால் அவன் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அஞ்சுதான். ஆறாவதா ஒண்ணும் கிடையாது. ஏன்?"

"சும்மா" என்று வைத்துவிட்டேன்.

பள்ளத்திலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. "தட்டாதம்மா. மேலேருந்து தூசி கொட்டுது."

"நான் எதையும் தட்டலையே, அண்ணே."

அப்போதுதான் எனக்கும் கேட்டது. மேலே எங்கோ... தகரத்தில் நகத்தால் தட்டுவது போல.

டக்... டக்... டக்...

திரையைப் பார்த்தேன். மூச்சு, 14.

பள்ளத்துக்குள் காற்று சரியில்லையோ? அவருடைய மூச்சைத்தான் ஏதோ ஒன்று அளக்கிறதோ?

"அண்ணே, கொஞ்சம் மூச்சைப் பிடிங்க."

"எதுக்கு?"

"பிடிங்களேன்."

பிடித்தார். 14. மாறவில்லை.

நான் பிடித்துப் பார்த்தேன். 14.

எங்கள் இரண்டு பேருடையதும் இல்லை.

"அண்ணே, மேல வாங்க. உடனே."

என் குரலில் என்ன கேட்டதோ, கேலி பேசாமல் ஏறி வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். மறுபடி கேட்டேன்.

இப்போது ஏழு.

'thaagam'. தாகம். மதிப்பு, 'ஆம்'.

மூச்சு, 9.

"இது யாரு எழுதினது?" என்றார் மெதுவாக.

தெரியாது என்று தலையாட்டினேன்.

டக்...... டக்......

மூச்சு, 5.

டக்.........

3.

லிஃப்ட்டிடம் கேட்கும் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

1.

0.

சத்தம் நின்றது.

மறுபடி கேட்டேன். ஐந்து. நாங்கள் கொடுத்த ஐந்து மட்டும். மூச்சும் இல்லை, தாகமும் இல்லை. மணி மூன்று நான்கு.

எடை மட்டும் அதே ஐம்பத்திநாலு.

மெக்கானிக் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூண்டுக்குள்ளதான் காலி" என்றார். "கூரையை நான் பார்க்கல."

இரண்டாவது மாடிக்குப் படியேறிப் போனார். சாவி போட்டுக் கதவைத் திறக்கும் சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வந்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போலீசுக்கு போன் பண்ணும்மா."

கூண்டின் கூரைமேல் கிடந்தவர் ஒரு பெயிண்டர். விடுமுறையின் முதல் நாள் மிச்ச வேலையை முடிக்கத் தனியாக வந்திருக்கிறார். மேல் மாடியில் லிஃப்ட் வாசல் சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. அவர் மனைவி தினமும் கேட்டுக்கு வந்து விசாரித்திருக்கிறார். பெயிண்டர் முதல் நாளே கிளம்பிவிட்டதாக வாட்ச்மேன் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அந்தப் பெண்ணை நான் ஸ்டேஷனில் பார்த்தேன். அழவில்லை. "தண்ணி பாட்டிலை வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்து நிமிடம் முன்னால் ஏறிப் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. கடைசியில் இன்ஸ்பெக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"இல்லம்மா" என்றார் அவர். "விழுந்து ஒரு ராத்திரி முழுக்க உயிரோட இருந்திருக்காரு. ஆனா நீங்க போனதுக்கு முந்தின நாளே போயிட்டாரு. மத்தியானம் மூணு மணி வாக்குல இருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

முந்தின நாள்.

அப்படியானால் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி எப்படியோ அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறது, நான் பார்த்தது அதைத்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். அப்புறம் மெக்கானிக்கிடம் அதைச் சொன்னேன்.

"அந்தப் பெட்டியை அன்னைக்கு நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதாம்மா மாட்டினேன்" என்றார். "முந்தின நாள் அது என் வீட்டு அலமாரியில இருந்துச்சு. ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்கல."