மங்களா டீச்சர் போட்ட முடிச்சு

மங்களா டீச்சர் போய்விட்ட செய்தி எனக்குக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் போன். பேசியது டீச்சரின் தங்கை. "அக்கா போயிட்டா" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. "அந்த ஆளுக்குச் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்பது டீச்சரை அறிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே கல்லூரியில் அவர் வரலாற்று ஆசிரியை, நான் நூலகர். பழைய கிரேக்கரும் ரோமரும் இடுப்பில் கட்டிய கச்சைகள்தான் அவருடைய ஆராய்ச்சி. ஸ்ரீவராகத்திலிருந்து மதியச் சாப்பாட்டோடு வந்து, ஜன்னலோர மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுதினார். கிரேக்கப் பெண் கல்யாணத்துக்கு முன் தன் கச்சையை அவிழ்த்து ஆர்டெமிஸ் தேவிக்குச் சமர்ப்பிப்பாள் என்பார். ரோமாபுரி மணப்பெண்ணின் கம்பளிக் கச்சையில் ஹெர்குலிஸ் முடிச்சு இருக்கும், அதைப் புருஷன்தான் அவிழ்க்க வேண்டும் என்பார். "நமக்குத்தான் அவிழ்க்க ஆளில்லையே, அதான் உக்காந்து ஆராய்ச்சி பண்றேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணம் செய்துகொள்ளாதவர்.

ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏண்டி, மானம் போச்சு! பாவாடை நாடா முடியற பழக்கத்துல அந்த முடிச்சைத் தப்பா வரைஞ்சுட்டேன் பாரு!" இரண்டு சுற்றையும் ஒரே பக்கமாக வரைந்திருந்தார். இரண்டாவது சுற்று எதிர்ப்பக்கமாக வர வேண்டுமாம். இல்லாவிட்டால் இழுத்ததும் வழுக்கிவிடும். அன்றே புதுப் படம் வரைந்து, கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்து வைத்தார். அவர் எழுதி வைத்திருந்த பழைய காகிதக் கட்டு, தப்புப் படத்தோடு, துறை அலமாரியில் கிடந்தது. அலமாரியின் சாவி துறைத்தலைவரிடம் இருந்தது.

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. ஆசிரியர், துறைத்தலைவர். அட்டையில் டீச்சரின் பாவாடை நாடா முடிச்சு! நன்றியுரையில் மனைவி, மக்கள், டைப் அடித்தவர் எல்லோரும் இருந்தார்கள். டீச்சரின் பெயர் மருந்துக்கும் இல்லை. புகார் எழுதச் சொன்னேன். "பொறுடி" என்றார்.

வெளியீட்டு விழாவில், கேள்வி நேரத்தில், டீச்சர் மேடையேறினார். கையில் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய சிவப்பு நாடா இரண்டு. "சார், அட்டையில இருக்கற மாதிரி ஒண்ணு கட்டிக் காட்டுங்கோ." அவரும் சிரித்துக்கொண்டே படத்தைப் பார்த்துக் கட்டினார். டீச்சர் ஒரு இழு இழுத்தார். முடிச்சு வழுக்கி, நாடாக்கள் ஆளுக்கொன்றாய்க் கையோடு வந்துவிட்டன. பிறகு தானே கட்டி என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், பலம்கொண்ட மட்டும் இழுத்தோம். அசையவில்லை. "எழுதினவாளுக்குத்தான் கட்டத் தெரியும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார். அரங்கமே சிரித்தது.

சிரித்ததோடு சரி. புத்தகம் அந்த ஆளின் பெயரிலேயே நின்றது. பதவி உயர்வும் வந்தது. டீச்சருக்கு ஓய்வு பெறும்வரை காலை முதல் வகுப்பும் தேர்வு மேற்பார்வையும்தான். நான் சும்மா இருப்பேனா? நூலகத்துக்கு வந்த அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பிரதியிலும் டீச்சர் கையெழுத்திட்ட சரியான படத்தை நகலெடுத்து ஒட்டினேன். நல்ல பசை போட்டு ஒட்டினேன்.

போன வாரம் இரங்கல் கூட்டத்துக்கு அந்த ஆள் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். மைக்கைப் பிடித்து மலையாளத்தில், "மங்களா எனிக்கு நோட்ஸ் எடுத்துத் தந்நிருந்நு, பாவம்" என்றார். குறிப்பெடுத்துக் கொடுத்தவராம்! நான் எழுந்தேன். டீச்சரின் தங்கை கையைப் பிடித்து, "இன்னிக்கு வேண்டாம்க்கா" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் வேண்டாம் என்றாள்.

தவறு செய்த ரோமானியப் படைவீரனைக் கச்சையைக் கழற்றச் சொல்லித் தளபதியின் கூடாரத்து வாசலில் பகல் முழுக்க நிற்க வைப்பார்களாம். "அடி ஆறிடும்டி. கச்சையில்லாம உடுப்பு தொங்க நின்னதை ஊர் மறக்காது" என்பார் டீச்சர். அந்த மனிதரை நான் இங்கே நிறுத்தியிருக்கிறேன். போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அன்று மேடையில் இழுத்த சிவப்பு நாடா. முடிச்சு அப்படியே இருக்கிறது. நான் சாகும்வரை அவிழ்க்கப்போவதில்லை. டீச்சர் எழுதியதிலிருந்து அந்த ஆள் டீச்சரின் பெயரை எடுத்தார். நான் எழுதிய இதில் அவருடைய பெயர் எங்கேயும் இல்லை, தேடிக்கொள்ளட்டும். இங்கே இருக்கும் மனிதப் பெயர் ஒன்றே ஒன்று. மங்களா.