கதவு திறவாத காலத்தில் சுவரில் நின்ற முகம்

வாவிக்கரைச் சுவர்களில் அம்மன் முகம் எவ்வாறு வந்தது என்பதற்கு ஊரில் பல கதைகள் உலவுகின்றன. நான் எழுதி வைக்காவிடில் அவையே உண்மையாகிவிடும். அம்முகம் என் ஏட்டிலிருந்து வந்தது.

எங்கள் ஊர்க் கண்ணகியம்மன் கோயில் ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசியில் கதவு திறக்கும். அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடல் பாடியபின் சாத்தப்படும். அச்சில நாள்களில் மட்டுமே வெளிவரும் வெள்ளி முகத்தை ஓர் ஆண்டு கோட்டோவியமாக வரைந்தேன். பூசை செய்யும் கப்புகனார் ஒரு வாக்குறுதி பெற்றுக்கொண்டே இசைந்தார்: கதவு சாத்தியிருக்குங் காலத்தில் அந்தத் தாளும் எவர் கண்ணிலும் படலாகாது.

தேர்தல் வந்தது. நகரத்து அச்சகமொன்றில் வடிவமைப்பாளராயிருக்கும் என் தங்கை மகள் ஒரு வேட்பாளரின் சுவரொட்டிக்காக வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, எல்லாருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே கும்பிடு. எங்கட மண் தெரியிற மாதிரி ஒண்டு செய்யணும்."

கூத்தர் தலையில் அணியும் முடிகளின் பூவேலைப்பாடுகளை வரைந்து வைத்திருந்த ஏட்டை அப்படியே கொடுத்தேன். மரபு மக்கள் முன் வருகிறதே என்ற மகிழ்ச்சியில், அம்மன் முகமிருந்த அந்த ஒரு தாளை உருவியெடுக்க மறந்தேன்.

சுவரொட்டி வந்தது. வேட்பாளரின் தலைக்குப் பின்னே அம்மன் முகம். கீழே கட்சிச் சின்னம். இங்கே காலையில் ஒட்டியதன்மேல் மாலையில் எதிரணியினர் ஒட்டுவது வழக்கம். இதன்மேல் எவரும் பசை தடவவில்லை.

அகற்றுமாறு வேண்டி அச்சகத்துக்குச் சென்றேன். வேட்பாளரின் ஆள் சிரித்தார்.

"ஒருத்தனும் கை வைக்கான் சேர். அம்மாளே காவல் நிக்கிறா! ஏலுமெண்டா நீங்க கிழிங்களன் பாப்பம்."

தங்கை மகள் கணினித் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "எனக்குத் தெரியாமப் போச்சு மாமா. எல்லாம் ஊரூராப் போயிட்டுது," என்றாள்.

திரும்பும் வழியில் சந்திச் சுவரொட்டியின் ஓரத்தைப் பிடித்தேன். இமைகள் நான் இழுத்த கோடுகள். கையை எடுத்துவிட்டேன்.

கப்புகனார் என்னை ஏசியிருந்தால் சற்று ஆறியிருப்பேன். அவர் கோயில் வாசலைப் பார்த்தபடியே இருந்தார்.

"கதவு சாத்தித்தான் இரிக்கு. அம்மாள் றோட்டில நிக்கிறா. இனி வைகாசியில நான் எதத் திறக்கிற?"

வேட்பாளர் தோற்றார். சுவரொட்டிகளை எடுக்க அவருடைய ஆட்களும் துணியவில்லை. இப்போது மாரிமழை. சந்தியில் முகத்தின் ஒரு பாதி ஊறிக் கழன்று வடிகாலருகே கிடக்கிறது. அவ்விடத்தில் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையிலெடுத்துக் கடக்கிறார்கள். நானும் அவ்வாறே கடக்கிறேன்.

சடங்குமுறை பற்றி நான் எழுதியதில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக. சுவரில் எஞ்சியதை முறைப்படி எடுக்க எந்த ஊரிலேனும் ஒரு வழக்கம் இருப்பின், மழை விடுமுன் அறிவியுங்கள். அப்படியொன்று இல்லை என்றே எண்ணுகிறேன். அந்த எண்ணத்தையும் திருத்துங்கள்.