செத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்

மைசூரு திரைப்பட விழாவில் பகல் காட்சி. திரையில் ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிடுகிறார். அரங்கமே மூக்கை உறிஞ்சுகிறது. எனக்கும் கண் கலங்குகிறது. பக்கத்து இருக்கைப் பெண்ணோ வாய்விட்டு அழுகிறார். அவருடைய கணவர் என் பக்கம் எட்டிக் குனிந்து, "மன்னிச்சுக்குங்க சார், செத்தது நானுங்க," என்கிறார்.

உற்றுப் பார்க்கிறேன். அதே மீசை.

"நடிகரா நீங்க?"

"இல்லீங்க, நெசமாவே கொத்தனாருங்க. ஊரு கௌதள்ளிப் பக்கம். வேல செய்யற எடத்துல படக்காரங்க பாத்துக் கூட்டிட்டுப் போனாங்க."

பிறகு மனைவியிடம், "நான் இங்கதான இருக்கறேன் புள்ள," என்று கையைப் பிடிக்கிறார்.

அவர் உதறிவிடுகிறார். "சும்மா இருங்க. அங்க உங்களத் தூக்கிட்டுப் போறாங்க!"

படம் முடிந்து விளக்குகள் எரிகின்றன. அழுகைச் சத்தம் கேட்டவர்கள் எழுந்து வந்து, "சமாதான மாட்கொளம்மா," என்று கன்னடத்தில் அந்தப் பெண்ணைத் தேற்றுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் கணவரை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் திரும்புகிறார். "நாளைக்குச் சாரத்துல ஏறறப்ப பெல்ட்டு மாட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டறேன் புள்ள."

"எந்தலைல கை வெச்சுச் சொல்லுங்க."

தேற்ற வந்தவர்கள் சுற்றி நிற்க, அவர் மனைவியின் தலையில் கை வைக்கிறார்.