நோட்டை மூடி வைத்த ஸ்டெல்லா சிஸ்டர்

மகள் வித்யாவின் அடுத்த பரிசோதனைக்கு நேரம் கேட்கத் தாம்பரம் கிளினிக்குக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "ஸ்டெல்லா சிஸ்டர் தவறிட்டாங்க ஆன்ட்டி. அடக்கம் பண்ணிப் பத்து நாளாச்சு" என்றாள். எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்குச் சர்க்கரை நோய் என்பதையே எங்கள் காலனியில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. நாளைக்குக் கல்யாணப் பேச்சு வருமே என்ற பயம். அழுத முகத்தைப் பார்த்துக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் ஜலதோஷம் என்றேன்.

சனிக்கிழமைகளில் அந்தக் கிளினிக் பெஞ்சில் பிள்ளைகளோடு காத்திருந்த அம்மாக்களுக்கு அந்த நர்ஸைத் தெரியும். இன்சுலின் போட நான் தயங்கிய முதல் நாள், வெறும் ஊசியைத் தன் கையில் குத்திக் காட்டி, "கொசு இதவிட ஜோரா கடிக்கும், குத்தும்மா" என்றவர்.

வித்யா ஒன்பதாவது படிக்கும்போது நடந்தது இது. நான் எட்டாவதோடு நின்றவள். இந்த நோயைப் பற்றி நானாகவே படித்து, அவள் மெஷினில் பார்த்துச் சொல்லும் சர்க்கரை அளவைத் தினமும் கோடு போட்ட நோட்டில் எழுதினேன். எல்லாம் நூற்றிருபது, நூற்றுமுப்பது. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை மிக மோசமாக வந்தது. இப்படியே போனால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து என்றார் டாக்டர்.

"நோட்டு சோக்கா கீதும்மா. பொண்ணுதான் இளைச்சுக்கினே போவுது." சிஸ்டர் நோட்டை மூடிவிட்டு வித்யாவிடம் திரும்பினார். "இன்னா கண்ணு, யாருக்காக இந்த நம்பர்லாம்?"

வித்யா என்னைப் பார்க்கவில்லை. "இருநூறுக்கு மேல போனா அம்மா அன்னிக்குச் சாப்பிட மாட்டாங்க, சிஸ்டர். அம்மனுக்கு வேண்டுதல். அதான் கம்மியா சொல்லிடுவேன்."

அவள் சொன்ன அளவை நம்பி, கூட்ட வேண்டிய மருந்தைக் கூட்டாமலே ஊசி போட்டிருக்கிறேன்.

சிஸ்டர் திட்டவில்லை. அங்கேயே வித்யாவைப் பரிசோதிக்கச் சொன்னார். முந்நூற்றுப் பத்து. தன் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தை என் பக்கம் தள்ளினார். "இப்ப சாப்டு. அவ பாக்கட்டும். உன் சாமி கோச்சுக்கினா என் பேரச் சொல்லு." சாப்பிட்டேன். கடைசிப் பருக்கை வரைக்கும் வித்யா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள். நேற்று போனில் இருநூற்று எழுபது என்றாள். இப்படிப்பட்ட நாளில் நான் சிஸ்டரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவேன். என் கணவரிடம் சொன்னால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். இந்த எண்ணைச் சொல்ல இனி எனக்கு ஆளில்லை.

எத்தனை யூனிட் போட்டாய் என்று மட்டும் கேட்டேன். சொல்லிவிட்டு, "நீ சாப்பிட்டியாம்மா?" என்றாள்.

சிஸ்டரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்விக்கான பதில்தான். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்து வைத்து, "சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்" என்றேன். பொய்யில்லை.